உறங்கும் பணமும் உழைக்கும் ஊரும்

நம்மவர்கள் மிகுதியாக வாழும் சிற்றூர்களில் மதரஸாவின் ஆண்டு விழாவோ, ஜமாஅத்தின் பொதுக்கூட்டமோ நடைபெறும்போது, மேடைக்கு வரும் பிரமுகரிடம் ஒரு கோரிக்கை தவறாமல் வைக்கப்படுகிறது. எங்கள் ஊருக்கு ஒரு தொழிற்சாலை வேண்டும், எங்கள் பிள்ளைகள் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகாதிருக்க ஒரு வழி வேண்டும் என்பதே அது. பிரமுகர் ஆவன செய்வதாக வாக்களிக்கிறார், விருந்துண்டு விடைபெறுகிறார். மறு ஆண்டு அதே மேடையில், வேறொரு பிரமுகரிடம், அதே மனு நீட்டப்படுகிறது.

அந்த ஆசையில் தவறேதும் இல்லை. இருபது வயதில் சபர் போன மகன் நாற்பது வயதில் நீரிழிவோடு திரும்புகிறான். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அவன் மனைவியோடு சேர்ந்து வாழ்ந்த நாள்களைக் கூட்டினால் இரண்டு ஆண்டுகூடத் தேறாது. பிள்ளைகள் தந்தையைத் தொலைபேசியில் கேட்ட குரலாகவே அறிகிறார்கள். ஜனாஸாவுக்குக்கூட வந்து சேர முடியாமல் அங்கேயே ஃகாயிப் தொழுகை தொழுதவர்கள் எத்தனை பேர்! ஆகவே ஊரிலேயே ஒரு தொழில் வேண்டும் என்பது வெறும் பொருளாதார விவகாரம் அன்று. குடும்பங்களின் நிம்மதியைப் பற்றியது. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறோமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பெருந்தொழிற்சாலைகள் மனுவைப் பார்த்து வருவதில்லை. தடையற்ற மின்சாரம், தண்ணீர், நெடுஞ்சாலை, துறைமுகத்துக்கு உள்ள தூரம், வில்லங்கமற்ற நிலம், பயிற்சி பெற்ற ஆள்கள் ஆகியவற்றைப் பார்த்தே வருகின்றன. தமிழக அரசு சிறுதொழில்களுக்காக 1970இல் சிட்கோவையும், பெருந்தொழில்களுக்காக 1971இல் சிப்காட்டையும் ஏற்படுத்தி, பல இடங்களில் தொழிற்பேட்டைகளை அமைத்தது. அவற்றிலும் செழித்தவை பெரும்பாலும் பெருநகரங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் அருகில் இருந்தவையே. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறை என்னும் கிராமத்தில் 2011இல் ஜோஹோ என்னும் கணினி மென்பொருள் நிறுவனம் அலுவலகம் திறந்து உள்ளூர் இளைஞர்களைப் பணியில் அமர்த்தியதைச் சிலர் எடுத்துக்காட்டலாம். பாராட்டத் தக்க செயல்தான். ஆயினும் அது அந்நிறுவனத்தை நடத்துவோர் தாமே விரும்பி எடுத்த முடிவு. அப்படி ஒரு விருப்பம் நம் ஊரின் மீது விழும்வரை காத்திருப்பது, மழை வரும் என்று பயிரிடாமல் வானத்தைப் பார்த்திருப்பது போன்றது.

சரி, ஊரில் பணமே இல்லையா? இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கடையநல்லூர் என்று எந்த ஊருக்குச் சென்றாலும், சலவைக்கல் பதித்த மாளிகைகள் பூட்டிக் கிடப்பதைக் காணலாம். பெண் மக்களின் கழுத்திலும் பெட்டகத்திலும் தங்கம் கிடக்கிறது. வீட்டுமனை வாங்கிப் போட்டவர்கள் அதன் மீது புல் முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர்கள் ஊரில் துணிந்து செய்யும் முதலீடு ஒன்று உண்டென்றால் அது கல்யாண மண்டபம்தான். அது ஆண்டு முழுவதும் வேலை கொடுப்பது ஒரு காவற்காரருக்கு! இவ்வளவு பணமும் உழைப்பின் பயன், ஹலாலான சம்பாத்தியம். ஆனால் அது உழைக்கவில்லை, உறங்குகிறது.

மதீனா நகரின் வரலாற்றை இங்கே நினைவுகூர வேண்டும். மக்காவிலிருந்து வெறுங்கையராக வந்த முஹாஜிர்களுக்கும் அன்ஸார்களுக்கும் இடையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரத்துவத்தை ஏற்படுத்தினார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியையே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றுத் தொடங்கிய வாணிபம் அவர்களைப் பெருஞ்செல்வர் ஆக்கியது. அப்போது மதீனாவில் பனூ கைனுகா கூட்டத்தாரின் சந்தையே பெரிதாக இருந்தது. அண்ணலார் (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கெனத் தனியே ஒரு சந்தையை ஏற்படுத்தி, அங்கே எவரிடமும் வரி பெறக்கூடாது என்று விதித்தார்கள். பள்ளிவாசல் எழுந்த ஊரில் சந்தையும் எழுந்தது என்பதை நம் பயான்களில் அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை.

இனி, நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எகிப்து நாட்டில், நைல் நதி இரண்டாகப் பிரிந்து கடலை நோக்கிச் செல்லும் வளமான கழிமுகப் பகுதியில், தமியத்தா கிளையின் கரையில் மித் கம்ர் என்று ஒரு சிறு நகரம் உண்டு. சுற்றிலும் பருத்தி வயல்கள். உழவர்கள், கைவினைஞர்கள், சில்லறை வணிகர்கள். அங்கு 1963ஆம் ஆண்டில், ஜெர்மனியில் பொருளாதாரம் பயின்று திரும்பிய அஹ்மத் அந்நஜ்ஜார் என்னும் அறிஞர் ஒரு சேமிப்பு நிலையத்தைத் தொடங்கினார். ஜெர்மனியின் சிற்றூர்களில் மக்களின் சிறு சேமிப்புகளைத் திரட்டி அவ்வூர்த் தொழில்களுக்கே முதலாக்கிய சேமிப்பு வங்கிகளை அவர் கண்டிருந்தார். அதையே வட்டியில்லாமல் தம் நாட்டில் செய்ய முடியாதா என்பதே அவர் கேள்வி.

எகிப்தின் கிராமத்தாரும் நம்மவர்களைப் போன்றவர்களே. கையில் மிஞ்சியதை நகையாக்குவார்கள். அல்லது ஆடு மாடு வாங்குவார்கள். அல்லது வீட்டில் ஒளித்து வைப்பார்கள். வங்கியின் படிக்கட்டை அவர்கள் மிதித்ததில்லை. அங்கே வட்டி உண்டு என்பது ஒரு காரணம். அங்கே தம்மை மதிப்பார் எவருமில்லை என்பது இன்னொரு காரணம். ஆகவே அந்நஜ்ஜாரும் அவருடன் சேர்ந்த இளைஞர்களும் மக்களைத் தேடிப் போனார்கள். பள்ளிவாசல்களிலும் தேநீர்க் கடைகளிலும் அமர்ந்து பேசினார்கள். அதே சமயம், அன்றைய அரசு சமயச் சார்பான எந்த அமைப்பையும் ஐயத்தோடு பார்த்ததால், இஸ்லாமிய வங்கி என்ற பெயர்ப் பலகையை அவர்கள் மாட்டவில்லை. பெயரைவிடக் காரியமே பெரிதென்று எண்ணினார்கள் போலும்!

அங்கு மூவகைக் கணக்குகள் இருந்தன. முதலாவது சேமிப்புக் கணக்கு. இதற்கு வட்டியோ இலாபமோ கிடையாது. வேண்டும்போது பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒழுங்காகச் சேமித்தவருக்கு அவசரத் தேவை வந்தால் வட்டியில்லாச் சிறு கடன் கிடைக்கும். இரண்டாவது முதலீட்டுக் கணக்கு. குறிப்பிட்ட காலத்துக்குப் பணத்தை விட்டுவைக்க வேண்டும். அது உள்ளூர்த் தொழில்களில் போடப்பட்டு, வரும் இலாபத்திலும் நட்டத்திலும் பங்கு உண்டு. மூன்றாவது ஜகாத்தும் நன்கொடையும் சேரும் சமூக நிதி. இம்மூன்றையும்விட முக்கியமானது ஒன்றுண்டு. ஓர் ஊரில் திரண்ட பணம் அந்த ஊரின் தொழிலுக்கே செல்ல வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. பணம் போட்டவர் தம் பணத்தால் நடக்கும் பட்டறையைத் தெருவில் போகும்போது கண்ணால் காணலாம். கடன் வாங்கியவரும் பணம் போட்டவரும் ஒரே பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழுபவர்கள். ஏமாற்றுவது அவ்வளவு எளிதன்று.

முதல் ஆண்டில் அதில் சேர்ந்தோர் ஏறத்தாழ 17,500 பேர். 1967ஆம் ஆண்டில் கிளைகள் ஒன்பதாகவும், கணக்கு வைத்திருந்தோர் இரண்டரை இலட்சமாகவும் பெருகினர். சில்லறைக் காசுகளாகத் திரண்ட தொகை 18 இலட்சம் எகிப்தியப் பவுனைத் தாண்டியது. அதே ஆண்டில் அரசு அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, வட்டி வங்கிகளோடு இணைத்துவிட்டது. மித் கம்ரின் முயற்சி அத்துடன் முடிந்தது. ஆனால் அதன் வித்து முளைத்தது. 1971இல் எகிப்து அரசே வட்டியில்லா நாசர் சமூக வங்கியைத் தொடங்கியது. 1975இல் துபாயில் இஸ்லாமிய வங்கி உருவாயிற்று. இன்று உலகெங்கும் பல கோடிக்கணக்கில் புரளும் இஸ்லாமிய வங்கித் தொழில், ஒரு சிற்றூரின் உழவர்கள் போட்ட சில்லறையில் முளைத்தது என்றால் மிகையாகாது. பெரிய வங்கிகளாக ஆன பின்பு அவை சிற்றூர்களை மறந்துவிட்டன என்பது வேறு கதை.

நம் நாட்டில் அத்தகைய வங்கிக்கு இடமில்லை. இஸ்லாமிய வங்கி முறையை அறிமுகப்படுத்தும் யோசனையைத் தொடரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் தெரிவித்துவிட்டது. ஆனால் ஊர்ப் பணத்தால் ஊர்த் தொழிலை வளர்க்க வங்கிதான் வேண்டும் என்பதில்லை. வடஆர்க்காட்டைப் பாருங்கள்.

பாலாற்றங்கரையில் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்கள் பெரும்பாலும் நம் சமுதாயத்து வணிகர்களே. ஆற்று நீரும், ஆவாரம்பட்டையும், தோல் வாணிபத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த அறிவும் அவர்களிடம் இருந்தன. உறவினரும் நண்பரும் கூட்டுச் சேர்ந்து முதல் போட்டார்கள். கிடைத்த இலாபத்தில் கல்விக்கூடங்களையும் எழுப்பினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது, மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல் தோன்றியது. நீண்ட காலம் அவ்வூர்கள் பாதி பதனிட்ட தோலையே வெளிநாடுகளுக்கு அனுப்பின; அதைக் காலணியாக்கி இலாபம் கண்டவர்கள் அயல்நாட்டார். 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையின்படி, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. தொழில் அழிந்துவிடும் என்று அன்று புலம்பியவர்கள் உண்டு. அழியவில்லை. முழுதும் பதனிட்ட தோல், காலணியின் மேற்பகுதி, பின்னர் முழுக் காலணி என்று படிப்படியாக ஏறினார்கள். இன்று ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. முஸ்லிம் ஒருவர் தொடங்கிய தொழிலால் ஊர் முழுவதும் உண்ணுகிறது என்பதைவிடச் சிறந்த நல்லிணக்கப் பிரசாரம் வேறென்ன இருக்க முடியும்?

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோல் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாது போயிற்று என்ற ஆய்வு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றி ஆணையிட நேர்ந்தது என்றால், முப்பது ஆண்டுகளாகியும் கணக்குத் தீரவில்லை என்பது தெளிவு. வேலை கொடுத்தவர்கள் பக்கத்து உழவனின் கிணற்றை மறந்துவிட்டார்கள். அண்டை வீட்டாரின் உரிமையை அவ்வளவு வலியுறுத்திய மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் இதில் முன்னோடிகளாக இருந்திருக்க வேண்டாமா? எந்தத் தொழில் ஊருக்கு வந்தாலும், அது தண்ணீரை எங்கிருந்து எடுக்கும், எங்கே விடும் என்று முதல் நாளே கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம் என்றால் அதற்குள் கிணறு போய்விடும்.

கூட்டு முதலீடு என்றவுடன் வாசகர்களில் பலருக்கு வயிற்றைக் கலக்கும் என்பதை அறிவேன். ஹலால் முதலீடு என்ற பெயரைச் சொல்லி நம்மவர்களின் பணத்தைச் சுருட்டியவர்கள் ஒருவர் இருவர் அல்லர். பெங்களூரில் இயங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம், தங்க வாணிபத்தில் இலாபப் பங்கு என்று சொல்லி மாதந்தோறும் பணம் கொடுத்துவந்தது. 2019 ஜூனில் கதவைச் சாத்தியது. ஓய்வூதியத்தைப் போட்டவர்கள், மகளின் நிக்காஹுக்குச் சேர்த்ததைப் போட்டவர்கள், விதவைப் பெண்கள் எனப் பல்லாயிரம் பேர் தெருவில் நின்றார்கள். தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணம் கொடுத்தோம் என்று அழுதவர்கள் ஏராளம்.

ஆனால் இவ்வகை மோசடியை அடையாளம் காணும் அளவுகோல் நம் ஷரீஅத்திலேயே இருக்கிறது. நம்மவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்பதுதான் வேதனை. முளாரபா என்னும் முறையில் ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் தருகிறார்கள். நுபுவ்வத்துக்கு முன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அம்மையாரின் பொருள்களைக் கொண்டு ஷாம் நாட்டுக்கு வாணிபம் சென்றதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். இம்முறையில் இலாபத்தை என்ன விகிதத்தில் பிரிப்பது என்றுதான் பேசலாமே தவிர, இலட்சத்துக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை உறுதி கூறவே கூடாது. அப்படி உறுதி கூறினால் அது வட்டியாகிவிடும். எனவே, மாதா மாதம் தவறாமல் குறிப்பிட்ட தொகை தருவேன் என்று ஒருவர் சொல்லும்போதே, அவர் செய்வது மார்க்கத்துக்கும் ஒத்ததன்று, வாணிபத்துக்கும் ஒத்ததன்று என்று எழுந்து வந்துவிடலாம். எந்த வியாபாரம் மாதந்தோறும் ஒரே இலாபம் தந்திருக்கிறது?

நாட்டின் சட்டமும் இப்போது கடுமையாகியுள்ளது. 2019இல் இயற்றப்பட்ட முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி, உரிய அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டுவது குற்றம். நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்றமே. ஆகவே ஜமாஅத்தின் பெயரால் பணம் திரட்டித் தொழில் நடத்தலாம் என்று எவரும் இறங்கிவிட வேண்டாம். பள்ளிவாசலின் பணமும் வணிகத்தின் பணமும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது. சட்டம் வேறு வழிகளைத் திறந்தே வைத்திருக்கிறது. ஐம்பது பேர் வரை சேர்ந்து கூட்டு வணிகப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். இருநூறு பேர் வரை பங்குதாரர்களாகத் தனியார் நிறுவனம் பதிவு செய்யலாம். பங்குதாரர் என்றால் இலாபத்துக்கும் நட்டத்துக்கும் உரியவர். ஷரீஅத் கேட்பதும் அதைத்தான். திருமறையின் மிக நீண்ட வசனமான அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியது. தொழுகையாளி என்பதால் பத்திரம் வேண்டாம் என்று சொல்வோர் அதை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

என்ன தொழில் என்று கேட்பீர்கள். ஊரின் கை எதை அறிந்திருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவதே புத்தி. ஆம்பூரார் கணினிப் பொறி செய்யவில்லை. தெரிந்த தோலையே செருப்பாக்கினார்கள். நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் நம் சகோதரிகள் கோரையை நூலிழை போலக் கிழித்து நெய்யும் பாய் உலகப் புகழ் பெற்றது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் குனிந்து நெய்பவருக்குக் கிடைக்கும் கூலி அற்பம். இளையவர்கள் அதைக் கைவிடுகிறார்கள். அங்கே தேவைப்படுவது பெருந்தொழிற்சாலையன்று. கோரையைப் பருவத்தில் மொத்தமாக வாங்கி வைக்கவும், நெய்த பாயை நல்ல விலை வரும்வரை வைத்திருக்கவும், நகரத்து வாடிக்கையாளரிடம் நேரே கொண்டு சேர்க்கவும் ஒரு முதல் வேண்டும். பூட்டிக் கிடக்கும் மாளிகையொன்றின் மாடிப்படிக்குப் போட்ட கிரானைட்டின் விலையே அதற்குப் போதுமானதாக இருக்கலாம்.

கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்ற நெசவாளர் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அங்கே நம் பெண்கள் மசாலா அரைத்து விற்றே குடும்பத்தை நிமிர்த்தினார்கள். 1941இலேயே தமக்கென ஒரு சங்கத்தையும் அவ்வூரார் அங்கு கண்டார்கள். அயல்நாட்டில் அம்மியை வைத்துத் தொழில் நடத்தத் தெரிந்தவர்களுக்குச் சொந்த ஊரில் ஒரு மசாலா ஆலை நடத்தத் தெரியாதா? கீழக்கரைத் தொதலின் சுவையை அறியாதவர் யார்? வீட்டுக்குள் பெண்கள் கிண்டும் அதை, உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, முறையாகப் பொட்டலமிட்டு அனுப்பினால், ஊரை விட்டுப் போன ஒவ்வொருவரும் வாடிக்கையாளராவார். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை.

நட்டம் வராதா என்றால், வரும். முதலில் போடுவது இழந்தாலும் குடும்பம் தள்ளாடாத தொகையாக இருக்கட்டும். மகளின் நகையை விற்று எவரும் பங்கு வாங்க வேண்டாம். பத்துப் பதினைந்து பேர், ஒரே ஒரு தொழில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் அதன் பட்டறை என்று தொடங்கினால் போதும். நிர்வகிப்பவருக்கு முறையான ஊதியம் பேசிவிட வேண்டும். பொதுக்காரியம் என்று சம்பளமில்லாமல் ஒருவரை உட்கார வைத்தால், இரண்டாம் ஆண்டில் அவர் தாமே சம்பளத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்குவார்! மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைத் தணிக்கை செய்து எல்லாப் பங்குதாரருக்கும் அனுப்பிவிட வேண்டும். துபாயில் இருப்பவரும் தம் கைப்பேசியில் அதைப் படித்துக் கேள்வி கேட்க முடிகிற காலம் இது. கேள்வி கேட்பவரைக் குழப்பக்காரர் என்று முத்திரை குத்தும் வழக்கத்தை மட்டும் ஊர்ப் பெரியவர்கள் விட்டுவிட வேண்டும்.

நோன்புப் பெருநாளுக்கு விடுமுறையில் வந்த சபராளிகள் ஷவ்வாலின் முதல் பத்து நாள்களிலாவது ஊரில் இருப்பார்கள். திருமண வீடுகளுக்கு நடுவே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அவர்களை உட்கார வைத்துப் பேசலாம். அந்த அமர்வுக்குப் பிரமுகர் எவரையும் அழைக்க வேண்டாம். ஒரு தணிக்கையாளரும், பத்திரம் எழுதத் தெரிந்த ஒரு வழக்கறிஞரும், முளாரபாவின் சட்டங்களை அறிந்த ஓர் ஆலிமும் வந்தால் போதும். தொழில் தெரிந்த பெண்களும் திரைக்கு அப்பால் இருந்து கேட்பதோடு நிற்காமல் பேசவும் இடமிருக்கட்டும். அரைப்பதும் நெய்வதும் எப்படி என்று அறிந்தவர்கள் அவர்கள்தாமே.